படப்பையின் மேற்கே உறங்கும் ஏடுகள்: படிவுப் பாறைகளும் அவற்றின் அறிவிப்பாளர் வரிசையும்

ஹிஜ்ரி 421ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1030இல், அறிஞர் அல்பிரூனி இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எழுதி முடித்தார். இந்நாட்டு மக்களின் சமயம், தத்துவம், வானியல், கணிதம், காலக் கணக்கு ஆகியவற்றை விரித்துரைக்கும் அந்நூலை எட்வர்டு சாசௌ 1888இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பின் உலகம் நன்கறியும். எனினும், அதில் நிலத்தைப் பற்றி அவர் எழுதிச் சென்ற சில வரிகளை நம்மவர் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. வட இந்தியச் சமவெளியில் மண்ணைத் தோண்டிப் பார்த்தால், மலைகளுக்கு அண்மையில் உருண்ட பெருங்கற்களும், அங்கிருந்து விலக விலகச் சிறு கற்களும், ஆறுகள் தேங்கிக் கடலை அணுகும் இடங்களில் பொடிமணலும் கிடைப்பதை அவர் கண்டார். இந்நிலம் முழுவதும் முன்னொரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் சிறுகச் சிறுகத் தூர்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், இடங்களின் தொலைவை வரையறுப்பது குறித்து எழுதிய மற்றொரு நூலில், அரபுப் பாலைவனமும் ஒரு காலத்தில் கடலாக இருந்ததே என்று அவர் கூறியிருந்தார். அதற்கு அவர் காட்டிய சான்றுகள் கிணறுகளும் குளங்களும் வெட்டும்போது வெளிப்பட்டவை: மண், மணல், கூழாங்கல் என மாறி மாறி அமைந்த அடுக்குகள், உடைத்தால் உள்ளே சிப்பிகள் தோன்றும் கற்கள்.

அவர் காலத்தவரான இப்னு சீனா (980-1037) தம் ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் கற்களும் மலைகளும் தோன்றும் வகையை ஆராய்ந்தார். ஆமூ நதிக் கரையில் மக்கள் தலை கழுவப் பயன்படுத்திய களிமண்ணைச் சிறுவயதில் பார்த்த அவர், ஏறத்தாழ 23 ஆண்டுகள் கழித்து அதுவே மென்கல்லாக இறுகியிருக்கக் கண்டதைப் பதிவு செய்துள்ளார். மலைகளில் காணும் அடுக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகப் படிந்தவை என்றும் கருதினார். அப்பகுதி 1200ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தாகவே ஐரோப்பாவில் பயிலப்பட்டது. அடுக்குகளின் வரிசையே காலத்தின் வரிசை என்னும் விதியை நிக்கோலஸ் ஸ்டெனோ வகுத்தளித்தது 1669இல்தான்.

மலைகளில் வெண்மையும் செம்மையும் கருமையுமான தடங்கள் இருப்பதைச் சுட்டும் திருமறை வசனத்தை (35:27) அடுத்து, இறைவனை உள்ளபடி அஞ்சுவோர் அறிவுடையோரே என்ற கருத்து வருகிறது. பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்குமாறும் திருமறை (29:20) பணிக்கிறது. பார்ப்பதற்குரிய பொருள் கண்ணுக்குப் புலப்படும் நிலையில் இருந்தால் அல்லவோ பார்க்க இயலும்? இக்கட்டுரை எழுப்பும் வினா அதுவே. அதற்கு விடை தேட அரபு நாட்டுக்கோ ஆமூ நதிக் கரைக்கோ செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்குத் தென்மேற்கே, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள படப்பை வரை சென்றால் போதும்.

படப்பையின் இரு புறங்கள்

படப்பை இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதிகளின் வாயிலாக அறியப்படும் ஊர். இதன் சுற்றுவட்டாரம் வரலாற்றில் தொன்மை மிக்கது. அண்மையிலுள்ள மணிமங்கலத்தில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடு உரைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். இப்பகுதியை உள்ளடக்கிய செங்கற்பட்டு ஜாகீரை 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி ஆங்கிலக் கும்பெனிக்கு அளித்தார். இவை யாவும் செப்பேட்டிலும் கல்வெட்டிலும் காகிதத்திலும் எழுதப்பட்ட வரலாறு. இவற்றுக்கெல்லாம் அடியில் எழுத்தில்லா வரலாறு ஒன்று கிடக்கிறது.

படப்பைக்குக் கிழக்கே வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என வரிசையாகக் காணும் குன்றுகள் சார்னோகைட்டு என்னும் கடும்பாறையால் ஆனவை. சுமார் 250 கோடி ஆண்டுத் தொன்மை உடையவை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே என்பதால், நிலவியலார் தாமஸ் ஹாலண்டு 1893இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் சார்னோகைட்டு இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக மதிக்கப்படுகிறது.

மேற்கே செல்லச் செல்ல நிலத்தின் தன்மை மாறுகிறது. கடும்பாறை ஆழத்தில் இறங்கிவிட, அதன் மேல் வெளிர்நிறக் களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. கண்ணைக் கவரும் குன்றோ குகையோ இங்கு இல்லை. ஏரிக்கரையின் ஓரம், ஓடையின் அரிப்பு, கிணற்றின் சுவர், சாலை வெட்டு ஆகிய சில இடங்களில்தான் இவ்வடுக்குகள் வெளியே தலைகாட்டும். இவ்வாறு மண்ணால் மூடப்படாது பாறை தன் முகத்தைக் காட்டும் இடத்தையே நிலவியலார் ‘பாறை வெளிப்பாடு’ என்பர். சமதளமான இப்பகுதியில் அத்தகைய வெளிப்பாடுகள் மிகச் சில. உள்ளவையும் சில முழ உயரமே. அவற்றின் மதிப்பும் ஆபத்தும் இச்சிறுமையில்தான் இருக்கின்றன.

பெரும்புதூர்ப் படிவுகள் கூறுவது

இந்திய நிலவியல் ஆய்வகத்தில் 1858இல் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலப்பகுதியை நடந்தும் குதிரையிலும் அளந்து, அதன் நிலவியலை 1873இல் வெளியிட்டார். இக்களிப்பாறைகளுக்கு ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே இட்டு, ஒரு தனித் தொகுதியாக அவர் வகுத்தார். அன்று ஓர் ஊரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் ஏறியது. ஆயின் அவ்வூரார் பலர் இன்றும் அதனை அறியார்.

இப்பாறைகளைத் தகடு தகடாகப் பிளந்தால் இலைகளின் அச்சுகள் தோன்றும். அவற்றை ஆராய்ந்து 1879இல் வெளியிட்டவர் பொஹீமியாவில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய தொல்லுயிரியல் அறிஞர் ஓட்டகார் ஃபைஸ்ட்மான்டெல். ‘கோண்டுவானா’ என்னும் பெயரை மெட்லிகாட் 1872இல் முன்மொழிய, அதனை 1876இல் முதன்முதல் அச்சில் வழங்கியவரும் இவரே. பெரும்புதூர்ப் படிவுகளில் மேலோங்கி நிற்பது டைலோபில்லம் என்னும் தாவரம். சைக்கஸ் செடியின் சாயலில் நடுநரம்பின் இருமருங்கும் சிற்றிலைகள் அணிவகுக்கும் இது, இன்று உலகில் எங்கும் உயிரோடு இல்லாத இனம். இதனுடன் பெரணிகளும் ஊசியிலை மரங்களின் சிறு கிளைகளும் கிடைத்துள்ளன. பூக்கும் தாவரங்கள் உலகில் அப்பொழுதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தன. தென்னையும் பனையும் வேம்பும் நெல்லும் இல்லாத தொண்டை மண்டலத்தை இவ்விலைகள் நமக்குக் காட்டுகின்றன.

இதே வகை இலைகள் இராஜ்மகால் மலைகளிலும் கட்ச் பகுதியிலும் கிடைக்கின்றன. இன்று பனி மூடிக் கிடக்கும் அண்டார்டிகாவிலும் இவ்வினத்தின் படிவங்கள் உண்டு. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலமாக இணைந்திருந்து, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கின என்பது இன்றைய அறிவியலின் முடிவு. அப்பிரிவின்போது நம் கிழக்குக் கரை விரிசலுற்று இறங்கிய பள்ளங்களுள் ஒன்று பாலாற்றுப் படுகை. அப்பள்ளத்தில் ஆறுகள் கொட்டிய சேறும் மணலுமே பெரும்புதூர்ப் படிவுகள்.

சேறு மட்டும் அன்று. கடலும் இங்கே வந்து போயிற்று. இலைகள் கிடைக்கும் அதே தொகுதியில் கண்ணுக்குப் புலனாகாத ஃபொராமினிஃபெரா என்னும் கடல் நுண்ணுயிரிகளின் கூடுகளும் பிற கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் கண்டறியப்பட்டுள்ளன. கரையோரக் காட்டின் இலைகள் ஆற்றில் விழுந்து, ஆழமற்ற கடலின் சேற்றில் அமிழ்ந்தன. சிப்பியைக் கண்டு பாலைவனத்தைக் கடல் என்றார் அல்பிரூனி. இன்று கார்த் தொழிற்சாலைகள் நிற்கும் நிலத்தை, அதே முறையைக் கொண்டு, ஒரு கடலோரம் என்று நாம் சொல்ல முடிகிறது.

மத்னும் இஸ்னாதும்

இலைகளை மட்டும் நோக்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் இப்பாறைகளை ஜுராசிக் காலத்தனவாகக் கொண்டனர். கிழக்குக் கரையின் இத்தொகுதிகளில் கிடைத்த கடலுயிர்ப் படிவங்களைப் பின்வந்தோர் ஆராய்ந்தபோது, அவை அதற்கும் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பது தெளிவாயிற்று. நிலத்தின் சாட்சி ஒன்று கூற, கடலின் சாட்சி வேறொன்று கூறிற்று. இரண்டும் எந்த அடுக்கில், எதன் மேல், எதன் கீழ் கிடந்தன என்ற குறிப்பு இருந்ததால்தான் இவ்வழக்கைத் தீர்க்க முடிந்தது.

ஹதீஸ் கலையில் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு நபிமொழிக்கு மத்ன் என்னும் உள்ளடக்கமும், இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் வரிசையும் உண்டு. உள்ளடக்கம் எத்துணைச் சிறப்புடையதாயினும், யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் வரிசை அறுந்துவிட்டால் முஹத்திஸ்கள் அதனை வலுவான சான்றாக ஏற்பதில்லை. ஓர் அறிவிப்பாளரை நேரில் கண்டு கேட்பதற்காகவே அவர்கள் பல மாத வழி நடந்தனர்.

புதைபடிவம் ஒரு மத்ன். அது கிடந்த பாறை அடுக்கு அதன் இஸ்னாத். அருங்காட்சியகப் பேழையில் உள்ள இலைப் படிவம் அழகியதுதான். ஆனால் அது எவ்வடுக்கில் இருந்தது, அடுத்த அடுக்கு கடற்சேறா ஆற்று மணலா, அவற்றிடையே நீர் வற்றிய தடம் உண்டா என்பன போன்ற வினாக்களுக்கு விடை பேழையில் இல்லை. பாறை வெளிப்பாட்டில் இருக்கிறது. முன்னோர் எழுதி வைத்த விவரிப்பு போதாதா என்று கேட்கலாம். அவர்கள் தங்கள் காலத்து வினாக்களுக்கு விடை எழுதினர். அவர்கள் கேட்க அறியாத வினாவை நாளை ஒருவர் கேட்கும்போது பாறையே திரும்பவும் சாட்சி சொல்ல வேண்டும். இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு அத்திரம்பாக்கம் சான்று.

அத்திரம்பாக்கம் புகட்டும் பாடம்

1863 மே 30ஆம் நாள், பல்லாவரம் படை அணிவகுப்புத் திடலை அடுத்த சரளைக் குழி ஒன்றில் ஃபூட் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தமைக்குக் கிடைத்த முதற்சான்று அது. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அவரும் வில்லியம் கிங்கும் கொசத்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்து, ஓடைகள் அரித்த பள்ளங்களில் கைக்கோடரிகளைக் கண்டனர்.

இக்கருவிகளின் மூலப்பொருளும் படிவுப் பாறையின் கொடையே. சத்தியவேடு, அல்லிக்குழி மலைகளில் உருண்ட குவார்ட்சைட் கற்கள் திரண்டு இறுகிய பாறை உண்டு. பெரும்புதூர்ப் படிவுகளோடு ஒரே நெடுங்கதையைச் சேர்ந்தது அது. வடக்கே இருந்த மலைகளை ஆறுகள் அரித்து உருட்டிக் கொணர்ந்த கற்கள் அவை. கல் உருண்டையாக இருப்பதும் அதன் அளவும் நீரின் வேகத்தைச் சொல்லும் என்று அல்பிரூனி கண்ட விதி இங்கும் பொருந்துகிறது. அப்பாறை சிதைந்து உதிர்ந்த கற்களை ஆதி மனிதன் எடுத்துச் செதுக்கினான். குடியம் குகைகள் அமைந்திருப்பதும் இப்பாறையிலேயே.

அத்திரம்பாக்கத்தில் வி.டி. கிருஷ்ணசுவாமி, கே.டி. பானர்ஜி முதலியோர் பின்னர் ஆய்வு நடத்தினர். செம்புரைச் சரளையில் கருவிகள் கிடைத்தன. அதன் கீழிருந்த களியடுக்கை முந்தைய ஆய்வாளர்கள் ஆவடிக் களிப்பாறையின் பகுதி என்று, அதாவது மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன் படிந்த கிரெட்டேசியஸ் பாறை என்று எண்ணினர். அவ்வாறாயின் அதில் கருவி இருக்க வழியில்லை. 1999இல் சாந்தி பப்பு தம் குழுவினருடன் அங்கு அகழாய்வைத் தொடங்கியபோது, அக்களியினுள்ளேயே கைக்கோடரிகள் வெளிப்பட்டன. அது தொன்மைக் களிப்பாறை அன்று. ஆற்று வெள்ளம் படிய வைத்த பிற்காலக் களிமண் என்பது புலனாயிற்று.

அண்டக்கதிர்களால் கல்லில் உண்டாகும் அணுக்களின் அளவைக் கொண்டும், மண்ணில் பதிந்த புவிக்காந்தத் தடத்தைக் கொண்டும் கணக்கிட்டு, அக்கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளும் சராசரியாக ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளும் பழமை உடையவை என்று 2011இல் அறிவித்தனர். மேலடுக்குகளில் கிடைத்த இடைப்பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியவை என்பது 2018இல் வெளியான முடிவு. மனித குலம் ஆப்பிரிக்காவிலிருந்து எப்போது எவ்வாறு பரவிற்று என்ற உலகளாவிய விவாதத்தில் தமிழகத்துச் சிற்றூர் ஒன்று இடம்பெற்றது இவ்வாறுதான்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபூட் திரட்டிய கருவிகள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்து இன்றும் பேணப்படுகின்றன. எனினும் 15 லட்சம் ஆண்டு என்ற விடை அக்கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்ததால் கிடைத்ததன்று. ஃபூட் கண்ட மண்முகம் 136 ஆண்டுகளுக்குப் பின்னும் தோண்டிப் பார்க்கத்தக்க நிலையில் எஞ்சியிருந்ததால் கிடைத்தது. அவர் காலத்தில் அண்டக்கதிர் என்ற சொல்லே இல்லை. முதற்கருவி கிடைத்த பல்லாவரத்துக்கு இந்நற்பேறு வாய்க்கவில்லை; நகரம் பரவி அதன் நிலத்தை மூடிவிட்டது.

கான்கிரீட்டின் அடியில்

பெரும்புதூர்ப் படிவுகள் பல்லாவரத்தின் வழியில் செல்லுமா, அத்திரம்பாக்கத்தின் வழியில் செல்லுமா என்பதே இன்றைய கேள்வி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசானும் 2012இல் டைம்லரும் வந்தன. வல்லம் வடகால் வரை சிப்காட் பூங்காக்கள் விரிந்துள்ளன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவற்றால் வாழ்கின்றன. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. ஆனால் தாழ்ந்த நிலத்தில் சவுடு மண் கொட்டி மேடாக்கும்போதும், ஓடைகளுக்குக் கான்கிரீட்டுச் சுவர் எழுப்பும்போதும், கைவிட்ட கிணறுகளைக் குப்பையால் தூர்க்கும்போதும் பாறை வெளிப்பாடுகள் ஓசையின்றி மறைகின்றன. ஒரு கோபுரம் இடிந்தால் ஊர் திரளும். இரண்டு முழக் களிப்பாறை மறைந்தால் வருந்துவோர் இலர்.

தொழிற்சாலைகள் பாறையை மூடுவதோடு திறக்கவும் செய்கின்றன. அடித்தளத்துக்கு வெட்டும் பள்ளம் சில வாரங்கள் வரை பல அடி ஆழத்துக்கு அடுக்குகளைக் காட்டி நிற்கும். அந்நாட்களில் ஒரு நிலவியல் மாணவர் வந்து அளந்து, படம் பிடித்து, மாதிரி எடுத்தால் அது ஒரு நூலின் அத்தியாயம். வராவிடில் அப்பக்கம் வாசிக்கப்படாமலேயே மூடப்படும்.

சட்டத்தின் துணை இதில் குறைவு. 1958ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டம் மனிதன் ஆக்கியவற்றையே பெரிதும் கருதுகிறது. நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கென ஒரு சட்ட வரைவை நடுவண் அரசு 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. இந்திய நிலவியல் ஆய்வகம் அறிவித்த தேசிய நினைவுச் சின்னங்களில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் படிவுகளும் இடம்பெற்றுள்ளன. அவை காண்போரை வியக்க வைப்பவை; சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடப்பது. பெரும்புதூர்ப் படிவுகள் அப்பட்டியலில் இல்லை. தோற்றப் பொலிவைக் கொண்டு சாட்சியை எடை போடுவது நீதிமுறை ஆகாது.

வக்ஃபு காட்டும் வழி

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலை அறத்துக்கு வழங்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபு என்னும் அறநிலையின் கரு இதுவே: மூலம் விற்கப்படாது, வழங்கப்படாது, வாரிசுக்கும் போகாது, பயன் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பாயும். பாறை வெளிப்பாட்டைப் பேணுதற்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேறு காண்பதரிது. அதன் மூலம் அடுக்கு; அதன் விளைச்சல் அறிவு. முன்னது நிற்கும்வரை பின்னது வற்றாது.

இதற்குப் பெருநிலம் தேவையில்லை. தொழிற்பூங்காக்களில் பசுமைப் பரப்புக்கென ஒதுக்கும் நிலத்தில், அடுக்குகள் நன்கு தெரியும் வெட்டுமுகம் ஒன்றைச் சில மீட்டர் நீளத்துக்கு மூடாமல் விட்டு, மழைநீர் அரிக்காதபடி வடிகால் அமைத்தால் போதும். ஏரிகளைத் தூர்வாரும்போது ஒரு கரைமுகத்தைப் பாறை தெரியும்படி விட்டுவைக்கலாம். அடித்தளப் பள்ளங்களை மூடுமுன் அருகிலுள்ள கல்லூரிகளுக்குத் தகவல் தரும் வழக்கத்தை உண்டாக்கலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டுகையில் வெளிவரும் கற்பொடியை ஆழக் குறிப்புடன் சேர்த்து வைக்கலாம். எடுக்கும் மாதிரி ஒவ்வொன்றுடனும் இடம், ஆழம், அடுக்கு, நாள், எடுத்தவர் பெயர் என்னும் இஸ்னாத் இணைந்திருத்தல் வேண்டும்.

இப்பணியில் நம் சமுதாயத்துக்கும் பங்குண்டு. வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் நிறுவிய கல்வி நிலையம் வண்டலூரில், சார்னோகைட்டுக் குன்றுகளின் அருகில் அமைந்துள்ளது; அங்கிருந்து படிவுப் பாறை நிலம் ஒரு பேருந்துப் பயண தூரமே. சென்னையிலும் புறநகரிலும் முஸ்லிம்கள் நடத்தும் பள்ளிகள் பல உண்டு. அறிவியல் வரலாற்றில் இப்னு சீனாவையும் அல்பிரூனியையும் பெயர் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அவர்கள் செய்த செயலை நம் பிள்ளைகளைச் செய்ய வைத்தோமா? ஒரு வகுப்பு மாணவர்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, மேலடுக்கு எது, கீழடுக்கு எது, இக்கல் ஏன் உருண்டை, அக்கல் ஏன் தகடு என்று கேட்க வைத்தால் அதுவே அவ்வறிஞர்களுக்குச் செய்யும் உண்மையான நன்றி.

அல்பிரூனி பார்த்த பள்ளங்களில் பல இன்று தூர்ந்திருக்கும். அவர் கேட்ட வினா தூரவில்லை. பதிமூன்று கோடி ஆண்டுகளாக மழையும் கடலும் அழிக்காது விட்டுவைத்த ஏடுகளை ஒரு தலைமுறைக்குள் மூடிவிடும் ஆற்றலை இறைவன் நம் கையில் தந்திருக்கிறான். அவற்றுள் சில பக்கங்களையேனும் திறந்து வைக்கும் பொறுப்பும் அந்த ஆற்றலோடு சேர்ந்தே வந்த அமானிதமாகும்.